அம்பயர்ஸ் கால்: ‘நடுவர் அழைப்பு’ வேண்டாம், ‘களத்தீர்ப்பு’ வைக்கலாம்

வணக்கம். கிரிக்கெட்டில் ‘அம்பயர்ஸ் கால்’ (மறுஆய்வில் களநடுவர் முதலில் சொன்னதே நிற்கும் நிலை) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி நீங்கள் அனுப்பிய யோசனைகளுக்கு என் பதில் இது.

> அம்பயர்ஸ் காலை ‘நடுவர் அழைப்பு’ என்றே வைத்துவிடலாம். சொல்லச் சொல்லப் பழகிவிடும்.

நடுவர் அங்கே யாரையும் அழைப்பதில்லையே! ‘நடுவர் முடிவு’ என்றாலும் சிக்கல்தான். திரையைப் பார்த்துச் சொல்லும் மூன்றாம் நடுவரும் நடுவர்தானே, யாருடைய முடிவு என்று கேட்பார்கள்.

நடப்பதை ஒருமுறை பார்த்துவிடலாம். எல்.பி.டபிள்யூ. முறையீடு, அதாவது காலில் படாவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று அவுட் கேட்பது. நடுவர் விரலைத் தூக்குகிறார், பேட்டர் ரிவ்யூ (மூன்றாம் நடுவரின் மறுஆய்வு) கேட்கிறார். திரையில் பந்து லெக் ஸ்டம்பை உரசிக்கொண்டு போகிறது. பாதிப் பந்துகூட ஸ்டம்பில் படவில்லை. அவுட் அப்படியே நிற்கிறது. அதே பந்துக்கு நடுவர் மறுத்திருந்து, பந்துவீசிய அணி ரிவ்யூ கேட்டிருந்தால்? நாட் அவுட்டும் அப்படியே நின்றிருக்கும். காலில் பட்ட பிறகு பந்து போயிருக்கக்கூடிய வழி கணினியின் கணிப்புதான். அதில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்பதால், இப்படி உரசும் பந்துகளில் முதலில் சொன்னதை மாற்றுவதில்லை.

ஆக, அந்த நேரத்தில் யாரும் புதிதாக எதையும் முடிவு செய்வதில்லை. மேல்முறையீட்டில் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு உறுதியாகிறதே, அந்தக் கதைதான். ஆட்ட விதி 31இன்படி, ஃபீல்டிங் அணி கேட்காமல் நடுவர் அவுட் கொடுக்கக் கூடாது. ‘ஹவ்ஸ் தட்’ முறையீடு என்றால் ரிவ்யூ மேல்முறையீடு. களத்தில் முதலில் சொன்னது களத்தீர்ப்பு. மூன்று சொல்லும் ஒரே குடும்பம்.

> ‘விளிம்புத் தீர்ப்பு’ அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் கிரிக்கெட் தமிழில் விளிம்பு பேட்டுக்குச் சொந்தம். பந்து பேட்டில் உரசியதோ என்றுதான் கேட்பவர் நினைப்பார். ‘எல்லை’ பக்கம் போகவே வேண்டாம், அது நான்கு ரன்.

பாதிப் பந்துக்கும் குறைவாகப் பட்டால் முதலில் சொன்னது நிற்கும் என்பதை வைத்துச் சொல்லும் ‘பாதிப்பந்து விதி’யும் எனக்குச் சரியாகப் படவில்லை. பந்து பட வேண்டிய பகுதியின் அளவு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2016இல் ஸ்டம்புகளின் அகலக் கணக்கை ஆஃப், லெக் ஸ்டம்புகளின் நடுவிலிருந்து வெளி ஓரம் வரை நீட்டினார்கள். 2021இல் உயரக் கணக்கை ஸ்டம்பின் உச்சி வரை ஏற்றினார்கள். அதே ஆண்டு, ஸ்டம்பில் பட்டால் அவுட்தான் என்று கோலி வாதிட்டார்; ஆனாலும் கும்ப்ளே தலைமையிலான ஐ.சி.சி. (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) குழு இந்த முறையைக் கைவிடவில்லை. நாளைக்குப் பாதி கால்வாசியானால் பெயரையும் மாற்றுவோமா?

களத்தில் சொல்வது எல்லாமே களத்தீர்ப்புதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் ஏகாரம் இருக்கிறது. திரையில் ‘விக்கெட்: களத்தீர்ப்பே’ என்று வந்தால் போதும், மாற்றம் இல்லை என்பது புரிந்துவிடும். எழுதும்போது ஏகாரம் இல்லாமல் எழுதலாம்: “2017 முதல், களத்தீர்ப்பு என்று வந்தால் ரிவ்யூ பறிபோவதில்லை”, “பந்து பிட்ச் ஆன இடத்துக்குக் களத்தீர்ப்பு கிடையாது”. இந்த இரண்டாவது வாக்கியத்தில் ஏகாரம் சேர்த்தால் பொருளே மாறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சாஃப்ட் சிக்னலுக்கும் (மூன்றாம் நடுவரிடம் கேட்கும் முன் களநடுவர் காட்டிய தற்காலிகத் தீர்ப்பு) சொல் கேட்டிருந்தீர்கள். 2023 ஜூனிலேயே அதை எடுத்துவிட்டார்கள். அதற்காக மெனக்கெட வேண்டாம்.