புதுப்பிப்பு: எஸ்தோனியாவில் கம்பெனி தொடங்கவில்லை

கொழிஞ்சாம்பாறை வீட்டிலிருந்தபடி ஜெர்மன் நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் மென்பொருள் எழுதுகிறேன். எஸ்தோனியாவில் கம்பெனி திறந்தால் இங்கே வரி மிச்சமாகுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பாலக்காட்டில் ஒரு பட்டயக் கணக்காளரைப் பார்த்தேன். "வருடத்தில் எத்தனை நாள் ஊரில் இருக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கிருந்தால் நான் இந்தியாவில் வசிப்பவன். எந்த நாட்டில் சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். எஸ்தோனியா தரும் மின்வசிப்பு அட்டை இதை மாற்றாது. அது கம்பெனி நடத்த உதவும் அடையாளம், அவ்வளவுதான். வேலை முழுவதும் கொழிஞ்சாம்பாறையில் நடப்பதால் அந்தக் கம்பெனியின் லாபத்துக்கும் இங்கே வரி கேட்க இடமுண்டு. அதன் பங்குகளைக் காட்டாமல் விட்டால், 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். எஸ்தோனியாவில் கம்பெனி திறக்கச் சொல்லி, இதையெல்லாம் மறைத்துப் பேசிய முகவர்மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அனுமான வரி முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அதில், மொத்த வரவில் ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், 75 லட்சம் வரையிலான வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். முன்கூட்டிய வரியும் மார்ச் 15க்குள் ஒரே தவணைதான். ஒப்பந்தம் நேற்று என் சொந்தப் பெயரிலேயே கையெழுத்தானது.