வீட்டுக்கு வேல்யூயேஷன் போட்ட அனுபவம் - உங்களுடையதையும் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். போன வருஷம் ஒரு வீடு பேசி முடித்தோம். விலையில் இரண்டு தரப்புக்கும் சம்மதம், அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது, லோன் கைக்கு வருவதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தபோது வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார். முக்கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. டேப் பிடித்து அளந்தார், போட்டோ எடுத்தார், மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினார், போய்விட்டார். ரிப்போர்ட் வந்தது: பேசிய விலையைவிட 10 சதவீதம் குறைவு.

அதனால் நமக்கென்ன என்றுதான் முதலில் இருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் லோன் கணக்கிடுகிறார்கள். பேசிய விலை 100 என்று வையுங்கள், மதிப்பீடு 90. அதில் 80 சதவீதம் லோன் என்றால் 72. நாங்கள் கையிலிருந்து 20 போடுவதாக நினைத்த இடத்தில் 28 போட வேண்டும். வீட்டு விலை ஒரு காசு ஏறவில்லை, எனக்குத்தான் தூக்கம் போனது.

ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். (கேளுங்கள், கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.) மாடியில் பின்பக்கம் கட்டிய ஒரு அறை அனுமதி வாங்கிய பிளானில் இல்லை, அதனால் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. விற்பவர் சொன்ன விலையிலோ அந்த அறையும் சேர்த்தி. அதைக் காட்டிப் பேசியதில் அவர் பாதி தூரம் இறங்கி வந்தார், மீதியை நாங்கள் புரட்டினோம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தனியாக ஒருவரை வைத்துப் பார்த்திருக்கலாம், குறைந்தபட்சம் "மதிப்பீடு குறைந்தால் மறுபடி பேசலாம்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

---

எங்கள் கதை பாகப்பிரிவினை. அப்பா போன பிறகு நாலு வருஷம் வீட்டை அப்படியே விட்டுவைத்திருந்தோம், அண்ணன்தான் குடியிருந்தார். பிரிக்கலாம் என்று உட்கார்ந்தபோது அண்ணன் ஒரு ரிப்போர்ட் கொண்டுவந்தார், தங்கை ஒன்று கொண்டுவந்தாள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நீ ஆள் பிடித்துக் குறைத்தாய், நீ ஏற்றினாய் என்று பேச்சு முற்றி இரண்டு மாதம் யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை.

கடைசியில் என் மனைவிதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தாள். அண்ணனுடையது அப்பா இறந்த தேதிக்குப் போட்டது, தங்கையுடையது நாங்கள் பிரிக்க உட்கார்ந்த மாதத் தேதிக்கு. அவ்வளவுதான், இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை! பழைய தேதிக்கும் மதிப்பீடு போடலாம், அந்தக் காலத்தில் நடந்த விற்பனைகளை வைத்துப் போடுவார்களாம், சில நாடுகளில் வாரிசு வரிக்கு அதைத்தான் கேட்கிறார்கள். பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஆளை வைத்தோம். எந்தத் தேதி, எதற்காக என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம், கட்டணத்தையும் பங்கு போட்டுக்கொண்டோம்.

---

நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், திட்டுவதென்றால் படித்துவிட்டுத் திட்டுங்கள். "முக்கால் மணி நேரம்கூட இருக்கவில்லை" என்ற புகாரைக் கேட்காத வாரமே கிடையாது. வீட்டில் நாங்கள் செய்வது சின்ன வேலை, பெரிய வேலை மேசையில் நடக்கிறது. அதே பகுதியில் சமீபத்தில் கைமாறிய, உங்கள் வீட்டைப் போன்ற மூன்று நான்கு வீடுகளை எடுக்க வேண்டும். விளம்பரத்தில் கேட்கிற விலை இல்லை, முடிந்த விலை. பிறகு வித்தியாசங்களுக்குக் கூட்டிக் கழிக்க வேண்டும். ஒப்பிட எடுத்த வீட்டில் ஒரு குளியலறை கூடுதலாக இருந்தால் கழிப்பது அந்த வீட்டு விலையில். இதைத் தலைகீழாகப் போட்டு நான் ஆரம்பத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் மறக்கவில்லை. ஒத்த வீடே கிடைக்காவிட்டால் நிலத்துக்குத் தனி மதிப்பு, கட்டடத்துக்கு இன்றைக்குக் கட்டினால் ஆகும் செலவில் தேய்மானம் கழித்துத் தனி மதிப்பு. வாடகை வீடு என்றால் வருமானத்தை வைத்தும் பார்ப்போம்.

செலவு செய்த பில்களைக் காட்டி "இத்தனை போட்டிருக்கிறேன், அதைச் சேருங்கள்" என்பார்கள். நீங்கள் ஆசைப்பட்டுப் போட்ட பளிங்குத் தரைக்கு வாங்குபவர் அதே பணத்தைத் தர மாட்டார். ஆனாலும் பில்களை எடுத்து வையுங்கள், கூரையும் ஒயரிங்கும் எப்போது மாற்றியது என்று தெரிந்தால் தேய்மானத்தில் அது உதவும்.

இன்னொன்று. நாங்கள் கண்ணுக்குத் தெரிகிற விரிசல், ஈரக்கசிவைக் குறிப்போம், குழாயைத் திறந்தெல்லாம் பார்ப்பதில்லை. அதற்குத் தனியாக ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்பவரையும், "உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் சொல்லுங்கள்" என்று ஆரம்பிப்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

---

இன்சூரன்ஸில் நான் மாட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். நிலம் மலிவான இடம், வீடு பழசு, அதனால் சந்தை விலை குறைவு. அந்த விலைக்கே காப்பீடு எடுத்தேன், அது போதும் என்று எனக்கு யார் சொன்னது என்று இப்போது யோசித்தால் யாருமே சொல்லவில்லை. சமையலறையில் தீப்பிடித்தது. வந்து பார்த்தவர்கள், இந்த வீட்டை முழுக்கத் திருப்பிக் கட்ட ஆகும் செலவில் முக்கால் பங்குக்குத்தான் நீங்கள் காப்பீடு செய்திருக்கிறீர்கள், எனவே சேதத்திலும் முக்கால் பங்குதான் என்றார்கள். பாலிசியில் அது எழுத்தில் இருந்தது. இதற்கு உல்டாவும் உண்டு: நிலம் விலை உயர்ந்த இடத்தில் நிலத்துக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டுகிறவர்கள். நிலமா எரியப் போகிறது? காப்பீட்டுக்கு என்றால் மறுகட்டுமானச் செலவைக் கேட்டு வாங்குங்கள்.

---

விற்கிற எண்ணமே இல்லை, சும்மா தெரிந்துகொள்ளப் போடலாமா?

---

(தொழிலில் இருப்பவன்தான்) எனக்கு வருமானம் போனாலும் பரவாயில்லை, வேண்டாம். சில மாதங்களில் அது பழசாகிவிடும், வங்கி எப்படியும் தன் ஆளைத்தான் அனுப்பும். பக்கத்தில் என்ன விலைக்கு முடிந்தது என்று நாலு புரோக்கரைக் கேளுங்கள். விற்கிற வேலை தனக்கு வர வேண்டும் என்று கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார்கள், அதைக் குறைத்துக்கொண்டால் சரி. பங்கு, விவாகரத்து, வரி வழக்கு, சொந்தக்காரர்களுக்குள் கைமாற்றுவது, இப்படி நாளைக்கு யாராவது கேள்வி கேட்கக்கூடிய இடம் என்றால் மட்டும் எழுத்தில் வாங்குங்கள்.

---

தொடங்கிய ஆள்தான் மறுபடியும். ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், அந்த மாடி அறை என்ன ஆனது என்று. மனைவி தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்க அங்கேதான் இருக்கிறாள். ரிப்போர்ட்படி அப்படி ஒரு அறையே இல்லை.