டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது, உங்களுக்கும் இப்படி நடந்ததா?

அதிக உதிரப்போக்குக்காக நோரெத்திஸ்டிரோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கான வரம்பைத் தாண்டிவிட்டது. முகத்தில் ரோமம் இல்லை, குரலும் மாறவில்லை. ஆனாலும் சினைப்பையில் கட்டியோ என்று ஸ்கேன் வரை போனோம். பத்து நாள் தூக்கமே இல்லை. கடைசியில் ஒரு ஹார்மோன் மருத்துவர்தான், "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். மாத்திரையை நிறுத்தாமலேயே மறுபடி ரத்தம் எடுத்து, எல்சி-எம்எஸ் முறையில் (பொருட்களைப் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காணும் சோதனை) பார்க்கச் சொன்னார். அளவு சாதாரணமாகத்தான் இருந்தது. இது எப்படி என்று யாராவது விளக்குங்களேன்.

பதில்:
எனக்குத் தைராய்டில் இதே கதை. முடி உதிர்வுக்குப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் குறைவு, தைராய்டு சுரக்கும் டி4 அதிகம் என்று வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்துப் பார்த்தால் எல்லாம் சரி.

பதில்:
நான் எல்சி-எம்எஸ் கருவியில் வேலை செய்கிறேன். வழக்கமான இம்யூனோஅஸே சோதனையில் ஆன்டிபாடிதான் ஹார்மோனைப் பிடிக்கிறது. நோரெத்திஸ்டிரோன் உருவத்தில் டெஸ்டோஸ்டிரோனை ஒத்திருப்பதால் அதையும் பிடித்துவிடும். பெண்களுக்கு இயல்பான அளவே சொற்பம், கொஞ்சம் கலந்தாலும் எண் எகிறும்.

நாங்கள் முதலில் சீரத்தில் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) சேர்த்த டெஸ்டோஸ்டிரோனைத் தெரிந்த அளவில் கலப்போம். வழியில் எவ்வளவு வீணானாலும் இதுவும் நோயாளியின் டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்தே வீணாகும், விகிதம் மாறாது. பிறகு புரதத்தை நீக்கி, சி18 துகள் அடைத்த மெல்லிய குழாய் வழியே ஓட்டுவோம். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளியே வரும். வந்ததும் ஒரு புரோட்டானை ஏற்றி, அயனியாக்கி நிறை பார்க்கிறோம்: டெஸ்டோஸ்டிரோன் 289, நோரெத்திஸ்டிரோன் 299.

நிறை மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை, வரைபடத்தில் அட்ரீனல் ஹார்மோனான கார்ட்டிசாலைக் காட்டும் பீக்கின் (முகட்டின்) தோளில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. இப்படிப் பார்த்தால் கார்ட்டிசாலின் நிறை 363, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 361. ஆனால் இரண்டு கார்பன்-13 (சற்றுக் கனமான கார்பன்) அணு உள்ள பிரெட்னிசலோன் மூலக்கூறும் 363தான்! விசாரித்தால், நோயாளி அந்த மாத்திரையைப் பல மாதமாகச் சாப்பிடுகிறவர். குழாயில் ஓடும் கரைப்பான் கலவையை மெதுவாக மாறும்படி வைத்து மறுபடி ஓட்டினேன். இரண்டு பீக்கும் பிரிந்து நின்றன. உண்மையான கார்ட்டிசால் மிகக் குறைவு. முதல் எண்ணையே அனுப்பியிருந்தால் அவருடைய அட்ரீனல் சுரப்பி அடங்கிக் கிடப்பது யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றே அவருடைய மருத்துவருக்கு போன் செய்து சொன்னோம்.