1923 மாடல் டி: இடது பக்கத் தகடு பொருந்தவில்லை, ஏமாந்துவிட்டேனா?

பட்டறைவாசி: கொட்டகையில் கிடந்த ஃபோர்டு மாடல் டி டூரிங் வண்டியை வாங்கிப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டியரிங் வலது பக்கம். அமெரிக்காவிலிருந்து முன் இடது பக்கத் தகடு வரவழைத்தேன், வந்ததில் கதவே இல்லை, கதவு மாதிரி ஒரு கோட்டை அழுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். என் வண்டியிலோ அந்தப் பக்கம் திறந்து மூடுகிற கதவு இருக்கிறது. போதாததற்கு மரச்சட்டத்து ஸ்குரூ தலையெல்லாம் சதுரக் குழி, எந்தத் திருப்புளியும் உட்காரவில்லை. யாராவது வெட்டி ஒட்டிய வண்டியை என் தலையில் கட்டிவிட்டார்களா?

சக்கரம்77: பயப்படாதீர்கள், அது கனடா வண்டி. டெட்ராய்டுக்கு ஆற்றின் அக்கரையில் வாக்கர்வில்லில் 1904ல் ஃபோர்டு கனடா தொடங்கியபோதே, பிரிட்டனும் அயர்லாந்தும் நீங்கலாகப் பேரரசு நாடுகளில் விற்கிற உரிமை அதற்குப் போய்விட்டது. இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா எல்லாம் இடது பக்கம் ஓட்டுகிற ஊர்கள், அதனால் வலது ஸ்டியரிங். அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் பக்கம் பொய்க் கதவு, அவர் மறுபக்கமாக ஏறி நகர்ந்து உட்கார வேண்டும். கனடாக்காரர்கள் இரண்டு வகை ஸ்டியரிங்கும் போட்டதால் இரண்டு பக்கமும் நிஜக் கதவு வைத்துவிட்டார்கள். எனக்குக் கேட்டால் அசலை விட அதுதான் நல்ல வண்டி. எஞ்சின் நம்பர் சி எழுத்தில் தொடங்குகிறதா பாருங்கள்.

ஸ்கார்பரோ_தம்பி: அண்ணை, அந்தச் சதுரக் குழி ராபர்ட்சன் ஸ்குரூ. ஒன்டாரியோ மில்டனில் பி.எல். ராபர்ட்சன் 1909ல் காப்புரிமை எடுத்தது, ஃபோர்டின் மர பாடிக்குக் கனக்கப் போட்டவை. இங்கே கனடாவில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் அந்தத் திருப்புளி கிடக்கும். பச்சைப் பிடி 1ஆம் நம்பர், சிவப்பு 2ஆம் நம்பர், இரண்டையும் வாங்குங்கோ. தட்டைத் திருப்புளியால் மட்டும் நெம்பிப்போடாதேங்கோ, குழி தேய்ஞ்சால் துளைபோட்டுத்தான் எடுக்கவேணும்.

வரிப்புலி: இவ்வளவு மாற்றியவர்கள் பிரிட்டனில் ஏன் கோட்டை விட்டார்கள்? 1921லிருந்து அங்கே குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு வரி, அதையும் சிலிண்டர் விட்டத்தை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். அகலச் சிலிண்டர் வைத்த மாடல் டிக்கு 23 பவுண்டு, ஆஸ்டின் செவனுக்கு 8. பின்னால் மாடல் டிக்கு அடுத்து வந்த மாடல் ஏ எஞ்சினின் விட்டத்தைக் குறுக்கி 14.9 குதிரைத்திறன் கணக்கில் ஒன்று விட்டார்கள், கனமான பாடியை அது இழுக்கத் திணறியது. 1932ல் ஃபோர்டின் சின்ன வண்டி மாடல் ஒய் வந்த பிறகுதான் உருப்பட்டது.

சக்கரம்77: வரிப்புலி, அவர் கேட்டது கதவு! பட்டறைவாசி, இன்னொன்று. எஞ்சின் பார்ட்ஸ் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே வாங்கலாம், ஆனால் பழைய சக்கர அச்சு (ஆக்சில்) வாங்கினால் அளந்து வாங்குங்கள். இடது வலது சக்கரங்களுக்கு இடையே பொது அளவு 56 அங்குலம், அமெரிக்கத் தென் மாநிலங்களின் வண்டித்தடத்துக்காக 60 அங்குலத்திலும் போட்டிருக்கிறார்கள். கைபிரேக் நெம்புகோல், முன் மரப்பலகைத் துளை எல்லாம் உங்களுக்கு வலது பக்க வகைதான் வேண்டும்.

பட்டறைவாசி: சி எழுத்துதான்! தகட்டைத் திருப்பி அனுப்புகிறேன். கதவை ஆஸ்திரேலியாவில் தேடலாமா?

சக்கரம்77: அங்கே கொஞ்சம் உஷார். 1917ல் பாடி இறக்குமதியை மட்டுப்படுத்தியதால் உள்ளூரிலேயே பாடி கட்டினார்கள், அளவு ஒத்துப்போகாது. நியூசிலாந்தில் கேளுங்கள், கீல் துளைகளின் இடைவெளியை அளந்து படத்தோடு அனுப்புங்கள்.