பூஸ்ட் ஏறும்போது ரெயில் பிரஷர் ஏறவில்லை

கேள்வி:
டர்போ வண்டி, ரிட்டர்ன் லைன் (மிச்ச பெட்ரோலை டேங்குக்கே திருப்பும் குழாய்) உள்ள ஃப்யூயல் சிஸ்டம். ஐடிலில் ரெகுலேட்டரின் (பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) வேக்யூம் ஹோஸைக் கழற்றி, ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) 3 பார் செட் பண்ணியிருக்கேன். 1 பார் பூஸ்டில் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கேஜ் 3.4-ஐத் தாண்டவே மாட்டேங்குது. 5,500 ஆர்பிஎம்முக்கு மேல முள் இன்னும் இறங்குது. ரெகுலேட்டரை இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா?

பதில்:
தயவுசெய்து இறுக்காதீங்க. 1 பார் பூஸ்டில் ரெயிலில் 4 பார் இருக்கணும். இன்ஜெக்டர் உணர்வது ரெயிலுக்கும் மேனிஃபோல்டுக்கும் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) உள்ள அழுத்த வித்தியாசத்தை மட்டும்தான்; உங்க வண்டியில் அது 2.4 பார். கலவை லீன் ஆகி (பெட்ரோல் குறைஞ்சு), நாக் அடிச்சு (கலவை தாறுமாறா வெடிச்சு), பிஸ்டன் போயிடும். சரியாகும்வரை ஃபுல் த்ராட்டில் கொடுக்கவே வேண்டாம்.

முதல்ல பெட்ரோல் பம்ப் கனெக்டரிலேயே மல்டிமீட்டர் வைங்க, லோடு இருக்கும்போது; வோல்ட் குறைஞ்சா பம்ப் போதுமான பெட்ரோலைத் தள்ளாது. பேட்டரியில் 13.8 வோல்ட் காட்டும், பம்புக்கு வந்து சேர்வது 11 சொச்சமா இருக்கும். பழைய மெல்லிய வயர் அவ்வளவுதான் தாங்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸோட தடித்த வயர், தனி ரிலே, நல்ல எர்த். பெரிய பம்ப் வாங்குவதெல்லாம் அதுக்கப்புறம்.

இன்னொரு பதில்:
ஃபில்டரையும் பாருங்க. ரெகுலேட்டருக்குப் போற பூஸ்ட் ஹோஸில் விரிசல் இருந்தாலும் பிரஷர் ஏறாது.

கேட்டவர்:
பம்பில் 11.2 வோல்ட்தான் இருந்தது! ரிலே போட்டதும் 3.95 பார், ரெட்லைன் வரை அசையலை. ஆனா நீண்ட வளைவில், டேங்க் கால்வாசி இருக்கும்போது, முள் துடிக்குது.

பதில்:
அது வயரிங் இல்லை. பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காத்தை இழுக்குது. டேங்குக்குள் தடுப்பு அல்லது தனி சர்ஜ் டேங்க் (பம்புக்கு எப்பவும் பெட்ரோல் கிடைக்க வைக்கும் சின்ன டேங்க்) வேணும். அதுவரை பாதி டேங்குக்குக் கீழே டிராக்கில் இறங்காதீங்க.