இஸ்தான்புல்லில் கூட்டமில்லாத சின்னப் பள்ளிவாசல் எது?

தென்றல்: அடுத்த மாதம் அம்மாவோடு இஸ்தான்புல் போகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி, பெரிய பள்ளிவாசல்களில் வரிசையில் நிற்க முடியாது. உஸ்மானியப் பேரரசின் கட்டடக் கலைஞர் சினான் கட்டியதில் நிதானமாக உட்கார்ந்து பார்க்கிற மாதிரி சின்னதாக ஒன்று சொல்லுங்களேன். ருஸ்தம் பாஷா பள்ளி சரிவருமா?

கடலோடி: அது வேண்டாம். சுவரில் பதித்த இஸ்னிக் ஊர் வண்ண ஓடுகள் கண்ணைப் பறிக்கும், உண்மைதான். ஆனால் கீழே கடைகள், மேலே பள்ளி. படியேறித்தான் ஆக வேண்டும். எமினோனு படகுத்துறையில் படகு பிடித்து எதிர்க்கரையில் இருக்கும் உஸ்குதார் போங்கள். இறங்கியதும் எதிரே தெரியும் மிஹ்ரிமா சுல்தான் பள்ளியில் மயங்கி நின்றுவிடாமல் கரையோடு வலப்பக்கம் நடந்தால் ஷெம்ஸி பாஷா பள்ளி.

1580-81இல் கட்டியது. சினானுக்கு அப்போது 90 வயதை ஒட்டி இருக்கும். சுலைமானியே என்ற பிரமாண்டப் பள்ளிவாசலை எழுப்பிய மனிதர், இங்கே குவிமாடத்தைச் சுமார் 8 மீட்டர் அகலத்தில் நிறுத்திக்கொண்டார். பக்கத்திலேயே 'ட' வடிவில் மதரஸா. பின்னாளில் அது நூலகமானது. கரை போகும் திசை வேறு, கிப்லா, அதாவது தொழும் திசை, வேறு என்பதால் பள்ளி மட்டும் கடலுக்குக் கொஞ்சம் கோணலாகத் திரும்பி நிற்கும். எனக்கு அந்தக் கோணல்தான் அழகு.

உள்ளே போனதும் பக்கச் சுவரைப் பாருங்கள். பள்ளியைக் கட்டச் சொன்ன ஷெம்ஸி பாஷாவின் கல்லறை பள்ளியோடு ஒட்டியிருக்கிறது, நடுவே கிராதி மட்டும்தான். தொழும் இடத்தில் இருந்தபடியே கப்ரு தெரியும். உஸ்மானியப் பள்ளிகளில் கல்லறையைத் தோட்டத்தில் தனிக் கட்டடமாக வைப்பதுதான் வழக்கம். நான் அரை மணி நேரம் அந்தக் கிராதிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். குவிமாடத்தைப் படம் எடுக்கவே மறந்துபோனது.

மழைக்காகிதம்: இதைத்தானே 'குஷ்கொன்மாஸ்' என்கிறார்கள்? பறவை உட்காராத பள்ளியாம். குவிமாடத்தில் எச்சம் விழக்கூடாது என்று பாஷா கேட்க, காற்று சுழன்றடிக்கும் இடமாகப் பார்த்து சினான் கட்டினார் என்று கதை.

கடலோடி: கதை நல்ல கதைதான். நான் போன அன்று ஒரு கடற்புறா சாவகாசமாக மேலே உட்கார்ந்திருந்தது. ஆனால் காற்று நிஜம் அண்ணே, தொப்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தென்றல்: சரி, ஷெம்ஸி பாஷாதான். அம்மாவுக்குச் சால்வை எடுத்து வைத்துவிட்டேன்.