மேடு ஏறும்போது செயின் துள்ளுகிறது, கடைசிப் பல்லில் ஸ்போக்கை உரசுகிறது. நாளை சியெனா போகலாமா?

ஏற்றவழி:

வணக்கம். நானும் மனைவியும் இத்தாலியின் கியாந்தி மலைகளில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இன்று புளோரன்ஸிலிருந்து கிளம்பி கிரேவே, பன்சானோ வழியாக ராட்டா வந்து சேர்ந்தோம். திராட்சை அறுவடை நேரம். சாலையெங்கும் டிராக்டர்கள், ஒவ்வொரு வளைவிலும் பழச்சாற்று வாசனை. பல வருடமாகக் காத்திருந்த பயணம் இது.

பிரச்சினை கடைசி ஏற்றத்தில் தொடங்கியது. பன்சானோவிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கி, லுகரெல்லி தாண்டி ராட்டாவுக்கு ஏறும் இடம். முன்னால் 34, பின்னால் 30 பல்லில் மிதித்தேன். டிக், டிக் என்று சத்தம். கொஞ்சம் அழுத்தினால் செயின் துள்ளி, முழங்கால் காற்றில் மிதித்ததுபோல் நழுவுகிறது. அப்புறம் மெல்லிய 'டிங்' சத்தமும் வந்தது. குனிந்து பார்த்தால், செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டீரெய்லரின் கூண்டு ஸ்போக்கைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. பயந்துபோய் கடைசி ஒரு கிலோமீட்டரைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அலுமினிய சட்டம், ஷிமானோ 105, 11 கியர், முன்னால் 50/34, பின்னால் 11 முதல் 30 வரை. ரிம் பிரேக், குயிக் ரிலீஸ் (கையாலேயே கழற்றும்) சக்கரம். கேபிள் திருகை அரைச் சுற்று திருப்பினால் பெரிய பற்கள் அமைதியாகின்றன, ஆனால் 13, 14 பற்களில் செயின் தடுமாறுகிறது. அதைச் சரிசெய்தால் மறுபடி பெரிய பல்லில் சத்தம். கையில் இருப்பது மடக்கு அலன் கீ செட் மட்டும்.

நாளை கையோலே, ப்ரோலியோ கோட்டை வழியாக சியெனா போவதாகத் திட்டம். போகலாமா? கேபிள் மாற்ற வேண்டுமா?

செம்மண்தடம்:

டீரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு, அதாவது ஹேங்கர், லேசாக வளைந்திருக்கும். எனக்கு இரண்டு முறை ஆகியிருக்கிறது. டீரெய்லரையே பிடித்து வெளிப்பக்கமாக ஒரு இழு இழுங்கள், சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை.

பல்சக்கரம்:

தம்பி, முதலில் ஒரு விஷயம். நாளை எந்தக் காரணம் கொண்டும் அந்த 30 பல்லுக்குப் போகாதீர்கள். கூண்டு ஸ்போக்கில் மாட்டினால் டீரெய்லர், சக்கரம், சில சமயம் சட்டமும் சேர்ந்து போகும். ஏற்றத்தில் மாட்டினால் நின்றுவிடுவீர்கள். இறக்கத்தில் மாட்டினால் பின் சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

கேபிள் கோளாறு இல்லை இது. கேபிள் தளர்ந்திருந்தால் எல்லாப் பற்களிலும் ஒரே மாதிரிதான் தடுமாறும், திருகைத் திருப்பினால் எல்லாமே சேர்ந்து சரியாகும். உங்களுக்கு ஒரு முனை சரியானால் மறுமுனை கெடுகிறது. அது ஹேங்கர் வளைந்ததன் அடையாளம். சைக்கிளின் பின்னால் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்கீழே ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கீழ்ச் சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சைக்கிள் எங்காவது வலப்பக்கமாக விழுந்ததா?

செம்மண்தடம் சொல்வதுபோல் டீரெய்லரைப் பிடித்து இழுக்க வேண்டாம். அந்த விசை ஹேங்கருக்கு மட்டும் போகாது, டீரெய்லரின் இணைப்புகளையும் முறுக்கிவிடும். எவ்வளவு வளைத்தோம் என்பதும் தெரியாது.

ஏற்றவழி:

பார்த்தேன். கீழ்ச் சக்கரம் நன்றாகவே உள்ளே சாய்ந்திருக்கிறது.

விழுந்ததும் இப்போது ஞாபகம் வருகிறது. கிரேவேயில் அந்த முக்கோணச் சதுக்கத்தில், வெராட்சானோ சிலைக்கு எதிரே, தாழ்வாரத் தூணில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது கீழே கிடந்தது. வலப்பக்கம்தான். கைப்பிடியில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், பின்னால் பார்க்கவே இல்லை.

செம்மண்தடம்:

பல்சக்கரம் சொல்வது சரி. என்னுடையது பழைய ஸ்டீல் சட்டம், ஹேங்கர் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும், வளைத்தால் வளையும். அலுமினியத்துக்கு அது பொருந்தாது. அவசரத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

நீங்கள் தாண்டப்போகும் கையோலேயில்தான் 1997 முதல் எரோய்கா என்ற பழைய சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. 1987க்கு முந்தைய சைக்கிள்களோடு வெள்ளை மண் சாலைகளில் ஓட்டுவார்கள். அங்கே வருகிற சைக்கிள்கள் பெரும்பாலும் ஸ்டீல். அந்த நினைப்பிலேயே சொல்லிவிட்டேன்.

பல்சக்கரம்:

உங்கள் மனைவியின் சைக்கிளும் குயிக் ரிலீஸ்தானா? பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் ஷிமானோவா? இருந்தால் இன்றிரவே ஓரளவு சரிசெய்யலாம். ஹேங்கரில் டீரெய்லர் மாட்டும் துளையின் புரியும், அந்த ஹப்பின் ஆக்சில் (அச்சு) புரியும் ஒன்றே: 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி இடைவெளி. அதனால் இன்னொரு சக்கரத்தையே நெம்புகோலாகவும் அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் பின் சக்கரம் சட்டத்தில் நேராக, இறுக்கமாக இருக்கட்டும். 5 மி.மீ. அலன் கீயால் டீரெய்லரைக் கழற்றித் தொங்கவிடுங்கள், கேபிளைக் கழற்ற வேண்டியதில்லை. மனைவியின் பின் சக்கரத்திலிருந்து குயிக் ரிலீஸ் கம்பியை உருவிவிட்டு, பல்சக்கரம் இல்லாத பக்கத்து ஆக்சில் முனையை ஹேங்கர் துளையில் கையாலேயே ஏற்றுங்கள். மூன்று நான்கு புரி பிடித்தால் போதும். புரி மாறி ஏறுவதுபோல் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். இப்போது இரண்டு சக்கரங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ரிம்முக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை மேலே, கீழே, பின்னால் அளந்து பாருங்கள். ஸ்கேல் இல்லாவிட்டால் அட்டைத்துண்டில் பென்சில் குறி போதும்.

கீழே இடைவெளி குறைவாக இருந்தால், மாட்டிய சக்கரத்தின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மெதுவாக இழுங்கள். ஒரே இழுப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். இழு, அளந்து பார், மறுபடி இழு. மேலும் கீழும் 4 மி.மீ. வித்தியாசத்துக்குள் வந்தால் விட்டுவிடுங்கள். அலுமினியம் முன்னும் பின்னும் வளைந்தால் பொறுக்காது, அதனால் தாண்டி வளைத்துவிட்டுத் திரும்ப வளைப்பதைத் தவிருங்கள். பிறகு டார்ச் அடித்து வளைவில் முடி போன்ற கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கோடு தெரிந்தால் நாளை ஓட்ட வேண்டாம்.

சரிசெய்த ஹேங்கர் கடைக்குப் போய்ச் சேர மட்டுமே. புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும்.

மேட்டுநிழல்:

வழி பற்றி நான் சொல்கிறேன், அந்தப் பகுதியில் மூன்று முறை ஓட்டியிருக்கிறேன். கையோலே, ப்ரோலியோ பக்கம் நாளை வேண்டாம். அழகு அதிகம், ஏற்றமும் அதிகம். 30 பல்லைத் தவிர்த்து 27இல் ஓட்ட வேண்டியிருக்கும். 34/30 கியரில் மிதியின் ஒரு சுற்றுக்கு சுமார் 2.38 மீட்டர் போவீர்கள், 34/27இல் 2.64 மீட்டர். அதே வேகத்தில் காலைச் சுழற்ற நினைத்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் சக்தி வேண்டும். கேட்க சின்ன விஷயம்போல் இருக்கும், 10 சதவீத மேட்டில் அரை மணி நேரம் மிதித்தால் முழங்கால் சொல்லும்.

ராட்டாவிலிருந்து மேற்கே காஸ்தெல்லினாவுக்குப் போங்கள். சுமார் 10 கிலோமீட்டர், பெரும்பாலும் முகட்டோடு போகும் சாலை. ஏற்ற இறக்கம் உண்டு, நீண்ட மேடு கிடையாது. அங்கிருந்து கியாந்தி சாலையில் தெற்கே திரும்பினால் சியெனா இன்னும் சுமார் 20 கிலோமீட்டர், மொத்தத்தில் இறக்கம். நடுவில் குவெர்ச்செக்ரோஸா என்று ஒரு சின்ன ஊர் வரும். சியெனாவின் பெரிய சதுக்கத்தில் இருக்கும் ஃபோந்தே காயா நீரூற்றைச் செய்த சிற்பி யாகோபோ தெல்லா குவெர்ச்சாவின் ஊர் அது என்பார்கள்.

கடை விஷயம் முக்கியம். அங்கே சிறு கடைகள் மதியம் மூடிவிட்டுப் பிற்பகலில்தான் திறக்கும், அதனால் 12 மணிக்குள் சியெனா சேரப் பாருங்கள். அதற்காக இருட்டிலேயே கிளம்புவதானால் ஒளிரும் மேலங்கி கட்டாயம். ஊர் எல்லைக்கு வெளியே, சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பு வரை அது சட்டம். வெளிச்சம் வந்தபின் கிளம்பினாலே போதும், 30 கிலோமீட்டர்தானே.

அறுவடை நேரத்தில் டிராக்டர் உதிர்த்த மண் வளைவுகளில் படிந்திருக்கும். பனி பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடியுங்கள்.

ஏற்றவழி:

இரவு பதினொன்றரை. வேலை முடிந்தது.

மனைவி டார்ச் பிடித்தாள், நான் அட்டையில் குறி போட்டேன். தொடங்கும்போது மேலே 12 செ.மீ., கீழே 10. முதல் இழுப்பில் ஒன்றும் அசையவில்லை. நாலாவது இழுப்பில் கை வழியாக லேசாக நெகிழ்ந்தது தெரிந்தது. இப்போது மேலே 11.2, கீழே 11. கோடு எதுவும் இல்லை. கேபிள் திருகை ஒரே முறை சரிசெய்ததில் 11 முதல் 27 வரை எல்லாப் பற்களும் அமைதியாக ஏறி இறங்குகின்றன. பல்சக்கரம் அண்ணா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பல்சக்கரம்:

அண்ணா இல்லை, அக்கா! நல்லது தம்பி. டீரெய்லரில் 'எல்' என்று குறித்த திருகை உள்ளே திருகி, டீரெய்லர் 30 பல்லுக்குப் போகவே முடியாதபடி அடைத்து வையுங்கள். களைத்திருக்கும்போது விரல் தானாக அந்தக் கியரைத் தேடும். கடையில் புது ஹேங்கர் கேட்கும்போது சைக்கிள் மாடலை மட்டும் சொல்லாதீர்கள், பழையதைக் கழற்றி பக்கத்தில் வைத்துத் துளைகளை ஒப்பிட்டு வாங்குங்கள். ஒரே நிறுவனத்தின் சட்டங்களிலேயே பல வடிவம் உண்டு. இரண்டாக வாங்கி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றவழி:

மன்னிக்கவும் அக்கா!

சியெனாவிலிருந்து எழுதுகிறேன். பதினொன்றே காலுக்கு வந்து சேர்ந்தோம். முதல் கடையில் எங்கள் சட்டத்துக்கான ஹேங்கர் இல்லை, இரண்டாவது கடையில் கிடைத்தது. துளைக்குத் துளை ஒப்பிட்டே வாங்கினேன், இரண்டு. கடைக்காரர் அளவுக் கருவி மாட்டிப் பார்த்துவிட்டு 'எல்' திருகையும் சரியாக வைத்துத் தந்தார்.

மாலையில் ஃபோந்தேபிராந்தா பக்கமிருந்து சாந்தா கத்தரினா தெருவில் ஏறிப் பார்த்தோம். ஸ்ட்ராதே பியாங்கே பந்தயத்தின் கடைசி மேடு, கல் பாவியது, 16 சதவீதம் வரை சாய்வு. பாதி தூரத்தில் 30 பல்லுக்கு மாற்றினேன். சத்தமே இல்லை. இப்போது சதுக்கத்தில் ஃபோந்தே காயாவுக்கு எதிரே செங்கல் தரையில் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு சைக்கிளையும் இடப்பக்கமாகப் படுக்க வைத்திருக்கிறேன்.